வாந்தி, பேதி, அப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணி

லீவுக்கு பெங்களூர்ல இருந்து திண்டுக்கல் வந்து இறங்குன மறுநாளே படுத்துட்டேன். காரணம் ஒரு பரோட்டா கடை. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன். இவ்வளவு நடந்தும் அந்த சால்னாவக் குறை சொல்ல மனசு வரல. ராத்திரி 1 மணிக்கு ஆரம்பிச்சது, விடியக்காலம் 5 மணிக்குள்ள எட்டு தடவை வாந்தி. (எண்ணுறது தொழில் வியாதி. ஒரு பிழை எத்தனை தடவை திரும்ப வருதுன்னு எண்ணித்தானே நமக்கு சம்பளம்!)

முதல் தடவை வாந்தி எடுத்ததும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு சொம்பு தண்ணிய அப்படியே கவுத்துட்டேன். நாக்கு அவ்வளவு வறட்சி. அஞ்சாவது நிமிஷம் சொம்புத் தண்ணியும் வெளிய. சரி, தண்ணிதான் பிரச்சனை போலன்னு அதுக்கப்புறம் ஒண்ணும் குடிக்காம சுருண்டு படுத்தேன். அதுக்கும் வாந்தி.

சத்தம் கேட்டு அப்பத்தா எந்திரிச்சு வந்துச்சு. எண்பத்தஞ்சு வயசு, முட்டி வலி, ஆனா காது மட்டும் இன்னும் பாம்புக் காது. வந்து தலையப் பிடிச்சு விட்டுச்சு, வாய கொப்பளிக்க வச்சுச்சு. அப்புறம் சுவர்க் கடிகாரத்தப் பாத்துச்சு. “பத்து நிமிசம் சும்மா இரு”. பத்து நிமிஷம் கழிச்சு ஒரு டம்ளரும் ஒரு சின்ன ஸ்பூனும். ஸ்பூன்ல பாதி நாக்குல படுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. டம்ளர வாங்கப் போனேன், கையத் தட்டி விட்டுச்சு.

“மடக்கு மடக்குன்னு குடிச்சா மடக்கு மடக்குன்னுதான்யா வெளிய வரும்.”

விடியிற வரைக்கும் இப்படியே. நான் கண் அசந்தா தட்டி எழுப்பி ஒரு ஸ்பூன். மறுபடி வாந்தி வந்தா மறுபடி பத்து நிமிஷம், மறுபடி ஸ்பூன். காலைல அந்தத் தண்ணி, உப்பு போட்ட அரிசிக் கஞ்சியா மாறுச்சு. அதுவும் ஸ்பூன்லதான். அப்பத்தா அந்த ராத்திரி கண்ண மூடவே இல்லன்னு அம்மா பின்னாடி சொன்னாங்க. ஒரு பரோட்டாவுக்கு இவ்வளவு பதட்டமான்னு அப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு.

ரெண்டு நாள் படுக்கை, கையில போன். நான் படிச்சது மெக்கானிக்கல், பாக்குறது சாஃப்ட்வேர், பொழுதுபோக்கு சரித்திரம். வாந்திக்கு ஒரு சரித்திரம் இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். இருக்கு சாமி. பெருசாவே இருக்கு.

நம்ம ஊர்ல காலராவுக்குப் பேரே வாந்திபேதிதான். தெருச் சண்டையில இன்னைக்கும் “பேதியில போக”ன்னு ஒரு சாபம் காதுல விழும். விடுறவங்களுக்கே அதோட அர்த்தம் மறந்து போச்சு. காலைல நல்லா இருந்த ஆள் சாயங்காலம் பொணமாகுறது எப்படி இருக்கும்னு கண்ணால பார்த்த தலைமுறை உண்டாக்குன சாபம் அது. எங்க அப்பத்தா வாயில வராத வசவு கிடையாது. தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கும்போது அது பேசுனத எழுதுனா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. ஆனா இந்த ஒரு சாபத்த மட்டும் அது சொல்லி நான் கேட்டதே இல்ல. அப்ப அத நான் கவனிச்சதும் இல்ல.

1817ல வங்காளத்துல ஜெஸ்ஸோர் பக்கம் கிளம்புன காலரா மறு வருஷமே மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்து சேர்ந்துடுச்சு. (அதுக்கு முன்னாடியும் நம்ம பக்கம் நிம்மதியா இல்ல. 1809ல இருந்து 1811 வரைக்கும் கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி நாலையும் ஒரு கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கிட்டுப் போச்சு. கம்பெனிக்காரங்க அதுக்கு டாக்டர்கள் குழு போட்டு ரிப்போர்ட்டே எழுதி இருக்காங்க. அது காய்ச்சல், நம்ம கதை வேற.) காலராவுக்கு ஏழை பணக்காரன் கிடையாது. மெட்ராஸ்ல தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில உக்காந்திருக்காரே தாமஸ் மன்றோ, அவர் மாகாணத்துக்கே கவர்னர். 1827 ஜூலை 6ம் தேதி பத்திகொண்டாங்கிற ஊர்ல காலராவுல செத்தார். ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு முன்னாடி ஜனங்கள ஒரு தடவை பாத்துட்டு வரலாம்னு கிளம்பின பயணம் அது.

கவர்னருக்கே இந்த நிலைமைன்னா, அந்தக் கால டாக்டர்களுக்கு என்னதான் தெரிஞ்சிருந்துச்சு? ரத்தத்த வடிய விடுவாங்க. பாதரச உப்பு குடுப்பாங்க. அபின் குடுப்பாங்க. தண்ணி கேட்டா பல பேர் குடுக்கவே மாட்டாங்க. வயித்துல இருந்து எல்லாம் வெளிய வருதே, மேல மேல ஊத்துனா இன்னும்தானே வரும்கிறது கணக்கு. கேக்கும்போது நியாயமாத்தான் படுது. ராத்திரி நான் போட்ட கணக்கும் அதேதான்.

இந்தக் கணக்கு தப்புன்னு முதல்ல காட்டினது 22 வயசுப் பையன் ஒருத்தன். ஓஷாஹ்னெஸி, அயர்லாந்துக்காரன். 1831 கடைசியில இங்கிலாந்துல காலரா வந்தப்ப நோயாளிங்க ரத்தத்த எடுத்து சோதிச்சு, அதுல தண்ணியும் உப்பும் குறைஞ்சு கிடக்குன்னு சொன்னான். மறு வருஷம் ஸ்காட்லாந்துல தாமஸ் லாட்டாங்கிற டாக்டர் உப்புத் தண்ணிய நேரா நரம்புல ஏத்தினார். சாகக் கிடந்தவங்க சில பேர் எந்திரிச்சு உக்காந்தாங்க. ஆனா கடைசி நேரத்துல கொண்டு வந்தவங்க, சுத்தம் பண்ணாத ஊசி, ஒரு தடவை ஏத்திட்டு நிறுத்தினதுன்னு பல காரணத்தால நிறைய பேர் செத்தாங்க. லாட்டாவும் 1833ல போய்ச் சேர்ந்தார். ஊரே அத மறந்துடுச்சு. ஓஷாஹ்னெஸி என்ன ஆனார்னு பாத்தா, கல்கத்தா வந்து பின்னாடி இந்தியாவுக்கே தந்திக் கம்பி போட்டுக் குடுத்தவர் அவர்தான்! 2013ல நிறுத்தினாங்களே அந்தத் தந்தி சர்வீஸ், அதோட தாத்தா. டாக்டர் படிச்சுட்டு டெலிகாம் பக்கம் தாவினவர். மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதுற நான் இவரக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல கல்கத்தாவுல லெனார்ட் ராஜர்ஸ் நரம்பு வழியா உப்புத் தண்ணி ஏத்துறத ஒழுங்குபடுத்தி சாவைக் கணிசமா குறைச்சார். ஆனா பாட்டில் வேணும், ஊசி வேணும், ஆஸ்பத்திரி வேணும், போட ஆள் வேணும். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர்ல ராத்திரி 2 மணிக்கு வாந்தி எடுத்தா எங்க போறது? வாய் வழியா குடிக்க வச்சே காப்பாத்த முடியுமாங்கிறதுதான் கேள்வி.

இதுக்கு முதல் பதில் வந்தது 1953ல. எழுதினவர் கல்கத்தாவுல ஹேமேந்திரநாத் சட்டர்ஜி. லண்டன்ல வர்ற லான்செட் பத்திரிகையில அவர் கட்டுரை வந்துச்சு. தலைப்புலயே வாந்தி இருக்கு: காலராவுல வாந்திய அடக்குறதும் வாய் வழியா நீர் குடுக்குறதும் பத்தின கட்டுரை. முதல்ல மாத்திரை குடுத்து வாந்திய அடக்கி, அப்புறம் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணிய வாய் வழியாவே குடுத்து, ரொம்ப முத்திப் போகாத 186 நோயாளிகளக் குணமாக்கினதா எழுதி இருந்தார். பேதிக்கு அவர் ஒரு இலைச்சாறும் குடுத்திருக்கார். என்ன இலைன்னு நினைக்கிறீங்க? கற்பூரவள்ளி! எங்க வீட்டு மாடியில உடைஞ்ச பக்கெட்டுல வளர்றதே, அதேதான். உலகத்துலயே பெரிய மருத்துவப் பத்திரிகையில வந்தும் யாரும் கண்டுக்கல. எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சுங்கிற கணக்கு இல்ல, ஒப்பிட்டுப் பாக்க வேற நோயாளிங்க இல்ல, ஏன் வேலை செய்யுதுங்கிற விளக்கமும் இல்ல. ஆராய்ச்சி முறைப்படி குறைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒருத்தராவது உடனே திரும்பச் செஞ்சு பாத்திருக்கலாம். இத வாசிச்சப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. காரணம் பின்னாடி வருது.

விளக்கம் 1960ல வந்துச்சு. ராபர்ட் கிரேன்ங்கிற விஞ்ஞானி ப்ராக் நகரத்துல ஒரு கூட்டத்துல சொன்னது இதுதான்: நம்ம சிறுகுடல் சுவர்ல ஒரு கதவு இருக்கு. உப்புல இருக்கிற சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தாத்தான் அது திறக்கும். எஞ்சினியர் பாஷையில சொன்னா சுத்தமான ‘ஆண்ட் கேட்’. ரெண்டு இன்புட்டும் இருந்தாத்தான் அவுட்புட். ரெண்டும் உள்ள போனா பின்னாடியே தண்ணியும் போகும். கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, காலரா வந்து குடல் மத்த எல்லா விதத்துலயும் கைவிட்டாலும் இந்த ஒரு கதவு மட்டும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். வெறும் தண்ணி குடிச்சா பத்தாது, வெறும் உப்புத் தண்ணியும் பத்தாது. கூட ஒரு சிட்டிகை இனிப்பு வேணும். 1968ல டாக்காவுல டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு இளம் டாக்டர்கள் உள்ள போனது வெளிய வந்தது எல்லாத்தையும் அளந்து, காலராவுக்கே இது வேலை செய்யும்னு நிரூபிச்சாங்க.

ஆஸ்பத்திரி வார்டுல நிரூபிச்சாச்சு. ஆனா ஆஸ்பத்திரியே இல்லாத இடத்துல? 1971ல பங்களாதேஷ் விடுதலைப் போர் சமயத்துல ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு அகதியா வந்தாங்க. எல்லையில பங்காவ்ங்கிற ஊர், கூட காலரா. திலீப் மகலநாபிஸ் அங்க போனப்ப ஆஸ்பத்திரித் தரை முழுக்க நோயாளிங்க. ஊசி போடணும்னா வாந்தியிலயும் மலத்துலயும் முட்டி போட்டுத்தான் போடணும். கொஞ்ச நாள்ல நரம்புல ஏத்துற பாட்டிலும் தீர்ந்து போச்சு. மனுஷன் துணிஞ்சு ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவுல பிளாஸ்டிக் பையில கட்டி, இஸ்திரிப் பெட்டியால ஒட்டி, பங்காவ்ல பீப்பாய்ல கரைச்சு வச்சாங்க. குடுத்தது யாரு? நர்ஸ் இல்ல. நோயாளியோட அம்மா, அக்கா, புருஷன். ஒரு டம்ளர், ஒரு ஆள், பக்கத்துலயே உக்காந்து விடாம. எட்டு வாரத்துல 3,700 பேர். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதம் ஆச்சு. இத எழுதி அனுப்பினா முதல்ல பத்திரிகைங்க திருப்பி அனுப்பிட்டாங்க. 1973லதான் அச்சுல வந்துச்சு. 1978ல அதே லான்செட் இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இது இருக்கலாம்னு தலையங்கம் எழுதிச்சு. 25 வருஷம் கழிச்சு! மகலநாபிஸ் 2022 அக்டோபர்ல காலமானார். பத்ம விபூஷண் அறிவிச்சது 2023 ஜனவரியில. நம்ம நாட்டு வழக்கத்த நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பங்களாதேஷ்காரங்க அப்புறம் செஞ்சதுதான் உச்சம். 1980ல இருந்து பத்து வருஷம் ‘பிராக்’ அமைப்போட பெண்கள் வீடு வீடாப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல குடும்பங்களுக்கு மூணு விரல் நுனியில எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணின்னு கத்துக் குடுத்தாங்க. இன்னொரு ஆள் பின்னாடி வந்து அம்மாக்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு கேட்டுப் பாப்பார். அதப் பொறுத்துதான் சொல்லிக் குடுத்தவங்களுக்கு சம்பளம். எங்க ஆபீஸ் டிரெய்னிங்குக்கும் இப்படி வச்சா எத்தனை பேருக்கு சம்பளம் வருமோ.

கஞ்சிக்கு வருவோம். 1982ல டாக்காவுல குளுக்கோஸுக்குப் பதிலா அரிசி மாவு போட்டுப் பார்த்தாங்க, நல்லாவே வேலை செஞ்சுச்சு. அரிசி மாவுச்சத்து குடல்ல கொஞ்சம் கொஞ்சமா குளுக்கோஸா உடையும். ஆக உப்பு போட்ட அரிசிக் கஞ்சிங்கிறது அந்தக் கதவோட ரெண்டு சாவியும் சேர்ந்ததுதான். இன்னொரு படி மேல போய் 2000ல நம்ம வேலூர் சிஎம்சியில ராமகிருஷ்ணா குழுவினர், எளிதா செரிக்காத ஒரு மாவுச்சத்த உப்புச் சர்க்கரைக் கரைசலோட சேர்த்துக் காலரா நோயாளிங்களுக்குக் குடுத்தாங்க. அது பெருங்குடல் வரைக்கும் போய், அங்க இருக்கிற நுண்ணுயிர்கள் அதப் புளிக்க வச்சு, பெருங்குடலும் தண்ணிய உறிஞ்ச உதவுச்சு. பேதி குறைஞ்சுச்சு.

மூணாவது நாள் சாயங்காலம், எந்திரிச்சு உக்கார்ற அளவுக்குத் தேறினதும், இதையெல்லாம் பெருமையா அப்பத்தாகிட்ட சொன்னேன். அந்தக் காலத்துல தண்ணியே குடுக்க மாட்டாங்களாம் அப்பத்தா, எவ்வளவு முட்டாளுங்க பாருன்னு சிரிச்சேன்.

அது சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, “உங்க பெரியப்பனுக்கு அப்படித்தான்யா ஆச்சு”ன்னுச்சு.

எனக்கு பெரியப்பாவே கிடையாது. எங்க அப்பாதான் மூத்தவர்னு இருபத்தெட்டு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். அப்பாவுக்கு முன்னாடி ஒரு பையன் இருந்திருக்கான். மூணு வயசு. அப்பத்தாவுக்கு அப்ப இருபது, இருபத்தொண்ணு வயசு இருக்கும். பழனி திருவிழாவுக்குப் போறவங்களுக்குக் காலரா ஊசி போட்டுத்தான் பஸ்ல ஏத்தின காலமாம். இவன் பழனிக்கெல்லாம் போகல, வீட்டுலயே ராத்திரி வாந்தி எடுக்க ஆரம்பிச்சிருக்கான், அப்புறம் பேதி. வீட்டுப் பெரியவங்க ஒரு சொட்டு தண்ணி குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. குடுத்தா மறுபடி வாந்தி எடுப்பான், குடல் வெளிய வந்துடும்னு.

“ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கேட்டான். பானை தலைமாட்டுலதான் இருந்துச்சு. நாங் குடுக்கல.”

காலைல வண்டி கட்டி திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பி, பாதி வழியிலயே திரும்பிட்டாங்களாம்.

எங்க கடைசி அத்தைக்கு நாலு வயசுல இதே மாதிரி வந்திருக்கு. 1980களோட ஆரம்பம். அப்ப ஊருக்கு வந்த சுகாதார நர்ஸம்மா ஒரு பொட்டலத்தக் கரைச்சுக் குடுத்துட்டு, வாந்தி எடுத்தா பத்து நிமிசம் பொறு, அப்புறம் மறுபடி ஒரு ஸ்பூன், நிறுத்தாதன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. மாமியார் தடுத்திருக்காங்க. அப்பத்தா மாமியாரத் தள்ளி விட்டுட்டு விடிய விடிய குடுத்திருக்கு. கல்யாணமாகி நாற்பது வருஷத்துல மாமியாரக் கை வச்சது அந்த ஒரு தடவைதானாம். அத்தை இப்ப வத்தலகுண்டுல ரெண்டு பேரப்பிள்ளையோட இருக்கு. எனக்கு ஊத்துன அந்தச் சின்ன ஸ்பூன் அன்னைக்கு அத்தைக்கு ஊத்துனதுதான். காம்பு வளைஞ்சிருக்கும், வீட்டுல யாரும் அதத் தூக்கிப் போட விட மாட்டாங்க. ஏன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அப்பத்தாவே கேட்டுச்சு.

“அந்த கல்கத்தா டாக்டரு எழுதுனது எந்த வருசம்னு சொன்ன?”

1953ன்னு சொன்னேன். ஏன் சொன்னோம்னு ஆயிடுச்சு. அது விரல்ல ஏதோ எண்ணுச்சு. எண்ணி முடிக்கல.

“கஞ்சி ஆறிப்போச்சு பாரு, குடி.”

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. ஆனா வாந்தி எடுத்து ஓய்ஞ்சு வீட்டுல கிடக்குறவங்களுக்காக, நான் படிச்சதும் பட்டதும். மெடிக்கல்ல கேட்டா உலக சுகாதார நிறுவன ஃபார்முலா போட்ட ஓஆர்எஸ் பொட்டலம்னு கேளுங்க. 2002ல இருந்து உப்பும் சர்க்கரையும் குறைச்ச ஃபார்முலாதான். ஒரு பெரிய பொட்டலத்துக்கு சரியா ஒரு லிட்டர், கண்ணளவு வேண்டாம். அட்டைப் பெட்டியில இனிப்பா வர்ற பானம் வேற. அந்த மாதிரி பானங்கள்ல ஓஆர்எஸ்னு பேர் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியாச்சு. பொட்டலம் கிடைக்கலைன்னா காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினா ஆபத்து, குழந்தைங்களுக்கு ரொம்பவே. நிமிஷத்துக்கு ஒரு டீஸ்பூன், அஞ்சு மில்லி. கேக்க அற்பமா இருக்கும், ஒரு மணி நேரத்துல அது 300 மில்லி. பசி எடுத்தா கஞ்சி, இட்லி, தயிர்சோறுன்னு சாப்பிடலாம், பட்டினி கிடக்க வேண்டாம். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு வரல, கண்ணு உள்ள போயிடுச்சு, எந்திரிச்சா தலை சுத்துது, எழுப்பினா சரியா முழிக்கல, வாந்தியில பச்சையாவோ ரத்தமாவோ வருது, ஸ்பூன் தண்ணி கூட தங்கல, வயித்து வலி தாங்கல... இதுல எது இருந்தாலும் ஸ்பூன வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நல்லா முழிச்சிருந்து முழுங்க முடிஞ்சா மட்டும் போற வழியில குடுத்துக்கிட்டே போங்க.